என் கையன்று, அன்னையின் கை

வேளிமலையில் பிறக்கும் வள்ளியாறு கடலைச் சேருமிடத்தில், கிழக்கே முட்டத்துப் பாறைகளையும் மேற்கே மணவாளக்குறிச்சியின் கருமணலையும் அண்டைகளாகக் கொண்டு கிடக்கிறது கடியப்பட்டணம். விடியலுக்கு வெகுநேரம் முன்பே அவ்வூர்க் கரையில் சென்று நிற்பவர்கள், வள்ளங்கள் அலையேறும் அந்தப் பரபரப்பினிடையே ஒரு சிறு செயலைக் காணலாம். வலையை அடுக்கி, எஞ்சினைச் சரிபார்த்து, பைபர் வள்ளத்தைத் தோள் கொடுத்துத் தள்ளும் மீனவர், முழங்கால் அளவு நீரில் கால் பதிந்தவுடன் குனிந்து, வலக்கையால் கடல்நீரைத் தொட்டு, நெற்றியிலும் மார்பிலும் இரு தோள்களிலும் வைத்துச் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்கிறார்; அதன்பிறகே தாவி ஏறுகிறார். கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும் அந்தச் செயலில், கோயில் வாசலில் தீர்த்தம் தொட்டுக்கொள்ளும் கத்தோலிக்க அநுஷ்டானம் இருக்கிறது. கடலை அன்னையென்று எண்ணி, அவள் மடியில் கால் வைக்குமுன் அவளைத் தொட்டு வணங்கும் அநாதியான நெய்தல் வழக்கமும் இருக்கிறது. ஒன்று எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறதென்று பிரித்துக் காட்ட எந்தப் பண்டிதராலும் இயலாது; அதைச் செய்கிறவருக்கோ பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

வேதம் ஒன்றைத் தழுவிய ஒரு ஜனசமூகம், அவ்வேதத்துக்கு முந்திய தன் அச்சங்களையும் நம்பிக்கைகளையும் என்ன செய்கிறது என்பது பழைய கேள்வி. அவற்றை உதறிவிடுகிறதா, மறைத்து வைக்கிறதா, அல்லது புதிய பெயரிட்டு உடன் அழைத்துச் செல்கிறதா? இக்கேள்விக்கு விடை தேடி நூல்களுக்குள் புகுந்தால், கடலையே காணாத ஒரு மலைநாட்டில் கொண்டுபோய் விடுகிறது அந்தத் தேடல். அங்கே சற்றுத் தங்கிவிட்டுத் திரும்பினால், கடியப்பட்டணத்தின் கரை முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

மலைநாட்டின் உமாய் அன்னை

மத்திய ஆசியாவில், 7,439 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் தியான்ஷான் மலைத்தொடரின் மடியில் வாழ்கிறவர்கள் கிர்கீஸ் மக்கள். குதிரையும் ஆடும் அவர்களுடைய செல்வம். கோடையில் உயர்ந்த புல்வெளிகளுக்கும் குளிரில் பள்ளத்தாக்குகளுக்கும் மந்தையோடு இடம்பெயர்வது அவர்களுடைய பரம்பரை வாழ்வு. தமிழ் வாசகர்களுக்கு அம்மக்கள் முற்றிலும் அந்நியர் அல்லர். மாஸ்கோவிலிருந்து வந்த மலிவான, அழகிய நூல்களின் வழியாக, சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘ஜமீலா’ நம் ஊர் நூலகங்களில் எத்தனையோ இளைஞர்களைக் கண்ணீர் விடச் செய்திருக்கிறது. அந்நாட்டின் பள்ளத்தாக்கு நகரங்களுக்கு 10-ஆம் நூற்றாண்டிலேயே இஸ்லாம் வந்துவிட்டது. ஆனால் மந்தை மேய்த்துத் திரிந்த மலைக் குடிகளிடம் அது மெல்ல மெல்ல, பல நூற்றாண்டுகளாக, பெரும்பாலும் சூஃபி ஞானிகளின் மூலமாகவே ஊறி இறங்கிற்று. அவ்வாறு இறங்கிய மார்க்கம், ஏற்கெனவே அங்கு வேரோடியிருந்தவற்றை ஒரே வீச்சில் பெயர்த்தெறியவில்லை.

ஆகவே, தங்களை முஸ்லிம்கள் என்றே உறுதியாகச் சொல்லிக்கொள்ளும் அம்மக்களிடையே, நோய் தீர்க்கும் ‘பக்‌ஷி’ என்னும் மந்திரவாதியும் இருந்தார். ஊற்றங்கரை மரங்களில் கந்தைத் துணியை முடிந்து நேர்ந்துகொள்ளும் வழக்கமும் இருந்தது. கண்ணேறு கழிக்க ‘அர்ச்சா’ என்னும் மரத்தின் குச்சிகளைக் கொளுத்தி, நாம் குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவதுபோல, வீடெங்கும் புகை காட்டும் சம்பிரதாயமும் இருந்தது. இவற்றுள் பல இன்றும் இருக்கின்றன. இறந்துபோன முன்னோர்களின் ஆவிகளை ‘அர்பாக்’ என்பார்கள். அவர்களுக்காக எண்ணெயில் ஏழு அப்பங்களைச் சுட்டு, அந்த வாசனை ஆவிகளைச் சென்று சேரட்டும் என்று எண்ணி, அவ்வப்பங்களின் முன்னிலையிலேயே குர்ஆன் வசனங்களையும் ஓதுவார்கள். வாசனை முன்னோருக்கு, வசனம் இறைவனுக்கு; அப்பம் ஒன்றே.

ஓஷ் நகரத்தின் நடுவே எழுந்து நிற்கும் சுலைமான் மலை, 2009-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. பிற்காலத்தில் தில்லியில் மொகலாய அரசை நிறுவிய பாபர், வாலிபப் பருவத்தில் இம்மலையின்மீது தமக்கென ஒரு சிறு மனையைக் கட்டிக்கொண்டதாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நபி சுலைமானின் திருப்பெயரைத் தாங்கியிருக்கும் அம்மலையில், பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் வழுக்கி வழுக்கியே கண்ணாடிபோல் மெருகேறிவிட்ட பாறைச் சரிவு ஒன்றிருக்கிறது. நபியின் பெயர் அம்மலைக்கு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அந்த மலை புனிதமாயிருந்தது என்பதற்கு, அதன் பாறைகளில் கீறப்பட்டிருக்கும் தொல்பழஞ் சித்திரங்கள் சாட்சி.

இவை எல்லாவற்றினும் என் மனத்தில் ஆழமாகத் தைத்தது, அந்நாட்டு மருத்துவச்சிகளிடம் வழங்கிய ஒரு வாசகம். பிள்ளை பிறக்கும் வேளையில் தாயின் வயிற்றைத் தடவிக்கொடுத்தபடியே, ‘இது என் கையன்று, உமாய் அன்னையின் கை’ என்று அவர்கள் சொல்வார்களாம். ‘உமாய்’ என்பவள் துருக்கிய இனத்தாரின் பழைய தாய்த் தெய்வம், குழந்தைகளைக் காப்பவள். இஸ்லாம் நன்கு வேரூன்றிய பக்கங்களில் அதே வாசகத்தில் நபியின் திருமகளார் பாத்திமா நாயகியின் பெயரும் வந்து சேர்ந்துகொண்டது. தாயின் வலி ஒன்றே, மருத்துவச்சியின் கை ஒன்றே. அக்கை தன்னுடையதன்று என்று ஒப்புக்கொள்ளும் அடக்கமும் ஒன்றே. மாறியது பெயர் மாத்திரம்.

கால்டுவெல் கண்ட ஒற்றுமை

மலைநாட்டுப் பக்‌ஷியையும் தென்பாண்டிச் சாமியாடியையும் இணைத்துப் பார்க்கும் எண்ணம் இன்று நமக்குப் புதிதாகத் தோன்றியதன்று. நெல்லைச் சீமையின் தெற்கு மூலையில், இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார், 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலின் பின்னிணைப்பு ஒன்றில், இவ்வட்டாரத்துப் பேயாட்டத்தையும் மத்திய ஆசியாவின் உயர்நிலங்களில் வழங்கிய ஷாமன் வழிபாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார். இரண்டிலும் தனிப்பட்ட பூசாரிக் குலம் இல்லை. அருள் வந்தவரே பூசாரி. மேளம் முழங்க, உடல் நடுங்க, தன்னை மறந்து ஆடுகிறவரின் வாயிலாகத் தெய்வம் பேசுகிறது. இவ்வொற்றுமையைக் கொண்டு தமிழருக்கும் மத்திய ஆசியப் பழங்குடிகளாகிய சித்தியருக்கும் இரத்த உறவு கற்பிக்க அவர் முயன்றதைப் பின்வந்த அறிஞர் ஏற்கவில்லை. அவ்வழிபாடுகளை அவர் இழிவாகவே மதித்தார் என்பதும் உண்மையே. ஆயினும் அவர் கண்ட ஒற்றுமை பொய்யன்று.

கிர்கீஸ் மக்களின் மாபெரும் காவியமாகிய ‘மனாஸ்’ என்பதைப் பாடுகிறவர்கள், அதனைக் குருவிடம் கற்றதாகச் சொல்வதினும், கனவில் வீரர்கள் தோன்றித் தங்களை அழைத்ததாகச் சொல்வதே மிகுதி. அழைப்பை மறுத்தால் நோய் வந்து வாட்டும் என்பதும் அவர்களுடைய நம்பிக்கை. நம் நாஞ்சில் நாட்டுக் கொடை விழாக்களில், வில்லுப்பாட்டுக்காரர் தெய்வத்தின் கதையைப் பாடப் பாட, அக்கதை உச்சத்தை எட்டும் கட்டத்தில் கோமரத்தாடி என்னும் சாமியாடியின்மீது அருள் இறங்குவதைக் கண்டவர்களுக்கு, அந்த மலைநாட்டுச் செய்தி விந்தையாகத் தோன்றாது.

1544: ஒரு மாதத்தில் பதினாயிரவர்

இனிக் கடற்கரைக்குத் திரும்புவோம். நெய்தல் நிலத்துப் பழைய வழிபாட்டை அறிய நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்று, பட்டினப்பாலையில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர், முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாமல் ஓய்ந்திருந்து, சினைச்சுறாவின் கொம்பை மனையில் நட்டு, அதில் வல்லமை மிக்க தெய்வத்தை உறையச் செய்து வழிபட்டார்கள் என்று அப்பாட்டு சொல்லுகிறது. தன்னைக் கொல்லவல்ல மீனின் கொம்பையே தனக்குக் காவலாக நட்டுக்கொண்டவன் பழந்தமிழ்ப் பரதவன். அஞ்சுவதையே வணங்கி, வணங்குவதிடமே அடைக்கலம் கேட்கும் இந்த மனநிலைதான், உலகமெங்கும் கடலையும் மலையையும் நம்பிப் பிழைக்கிறவர்களின் ஆதி சமயம்.

1544-ஆம் ஆண்டின் இறுதியில், வேணாட்டு அரசின் இசைவோடு பிரான்சிஸ் சவேரியார் இக்கரை வழியே வந்தார். இக்கரை மீனவராகிய முக்குவரின் ஊர்களில் ஒரு மாதத்துக்குள் பதினாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் அளித்ததாக, 1545 ஜனவரி 27-இல் கொச்சியிலிருந்து ஐரோப்பாவிலிருந்த தம் சகோதரர்களுக்கு அவர் எழுதினார். ஞானஸ்நானம் பெற்றவர்களைக் கொண்டே பழைய தெய்வங்கள் இருந்த குடிசைகளை இடிக்கச் செய்ததையும், சிலைகளைச் சிறு துண்டுகளாக உடைக்கச் செய்ததையும் அதே கடிதத்தில் குறிப்பிடுகிறார். கடியப்பட்டணமும் அந்த ஊர்வரிசையைச் சேர்ந்ததே. இன்று அவ்வூரின் நடுவே புனித பேதுரு பவுல் ஆலயம் ஓங்கி நிற்கிறது. கலிலேயாக் கடலில் வலை வீசிய மீனவராகிய பேதுருவே இம்மீனவர்களுக்கும் பாதுகாவலரானார் என்பது எத்தனை பொருத்தம்!

குடிசைகள் இடிந்தன, சிலைகள் உடைந்தன. ஆனால் மறுநாள் விடியலில் அதே கடல் அங்கேயே இருந்தது. ஆனி ஆடியில் அது கொந்தளித்தது. மனைவியர் கரையில் காத்திருந்தார்கள். சில கட்டுமரங்கள் திரும்பவில்லை. இதனோடு மற்றொன்றையும் நினைக்க வேண்டும். 1960-களில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறக்கும் வரையில், பலிபூசை லத்தீனிலேயே நடந்தது. சவேரியார் சில ஜெபங்களைத் தமிழில் அமைத்துக் கற்பித்தார். செபமாலையும் நவநாளும் தமிழில் ஒலித்தன. ஆயினும் பீடத்தின் மொழி பொதுஜனத்தின் மொழியாக இருக்கவில்லை. நான்கு நூற்றாண்டுக் காலம் மோட்சத்தின் மொழி லத்தீன். நள்ளிரவுக் காற்றின் மொழியும், பச்சிளங்குழந்தையின் காய்ச்சலின் மொழியும், பேய் பிடித்த பெண்ணின் அலறலின் மொழியும் தமிழ். அந்தத் தமிழ்ப் பகுதியில் பழைய நம்பிக்கைகள் தங்குவதற்கு இடம் எப்போதும் இருந்தது.

மாதாவும் இசக்கியும்

1980-களின் தொடக்கத்தில் மானிடவியலாளர் கல்பனா ராம் கடியப்பட்டணத்தில் தங்கி ஆராய்ந்து, முக்குவர் பெண்களைப் பற்றிய ஆங்கில நூல் ஒன்றை 1991-இல் வெளியிட்டார். கரையில் மீன் விற்றும், கடன் வாங்கியும் கொடுத்தும், ஆடவர் கடலில் இருக்கும் நேரமெல்லாம் ஊரையும் வீட்டையும் தாங்கி நிற்கும் பெண்களின் உழைப்பை எழுதிய அந்நூல், அவர்களுடைய சமய உலகத்தையும் அலட்சியப்படுத்தாமல் உற்று நோக்குகிறது. அதில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான செய்தி, மாதாவும் இசக்கியும் அவ்வூர்ப் பெண்களின் மனத்தில் எப்படி எதிரெதிரே நிற்கிறார்கள் என்பதுதான்.

இசக்கி யார் என்று நாஞ்சில் நாட்டாருக்குச் சொல்லத் தேவையில்லை. யட்சி என்னும் சொல்லின் தமிழ் வடிவம் அது. வஞ்சிக்கப்பட்டு மாண்ட பெண் பழி தீர்க்கும் தெய்வமாக எழுந்த கதை, முப்பந்தலில் இன்றும் உயிரோடு நடமாடுகிறது. ஒரு கையில் குழந்தையை ஏந்தியவளும் அவளே, குழந்தையைக் கொல்பவளும் அவளே. காப்பும் கோபமும் ஒரே உடலில் குடியிருக்கும் பழைய தாய் அவள். உள்நாட்டு ஊர்களில் அவளுக்குக் கோயிலும் கொடையும் உண்டு. கடற்கரையிலோ, வேதத்துக்குள் வந்துவிட்ட மக்களின் நடுவே, அவள் தெய்வம் என்ற பதவியை இழந்துவிட்டாள். ஆனால் ஊரை விட்டுப் போகவில்லை. பிடிக்கிற பேயாக, நடுப்பகலிலும் அந்தியிலும் தனியே செல்லும் பெண்ணைத் தொடர்கிற நிழலாக, அவள் அங்கேயே தங்கிவிட்டாள். பழைய தாயின் கருணையை மாதா ஏற்றுக்கொண்டாள். உக்கிரம் மட்டும் இசக்கியிடம் மிஞ்சிற்று. ஒரு தாயை இரண்டாகப் பிரித்த வேலை இது என்று சொல்லத் தோன்றுகிறது. பிரிந்த இரு பாதிகளும் மீண்டும் சந்திப்பது, பேய் பிடித்த ஒரு பெண்ணின் உடலில்.

பிடித்ததை விரட்டுவது யார்? பீடத்துக் குருவானவர் மாத்திரம் அல்லர். மாதாவோ புனிதர்களோ தங்கள்மீது இறங்கிப் பேசுவதாகவும் குணமளிப்பதாகவும் சொல்லும் பெண்களையும், அவர்களை நாடி வரும் கூட்டத்தையும் அந்நூல் விவரிக்கிறது. அஞ்சுகிராமத்தை அடுத்த ராஜாவூரில் மிக்கேல் அதிதூதர் ஆலயம் இருக்கிறது. பேய்க்கோளாறு என்று கருதப்படுகிறவர்களை அழைத்துக்கொண்டு, சாதி மதம் பாராமல் ஜனங்கள் அங்கு வந்து தங்குகிறார்கள். வாளை ஓங்கிச் சாத்தானைக் காலடியில் மிதித்து நிற்கும் அந்தச் சம்மனசின் திருவுருவத்தைப் பார்க்கும்போது, ஊர் எல்லையில் ஆயுதம் ஏந்தி நிற்கும் நம் காவல் தெய்வங்களின் சாயல் நெஞ்சில் எழாமல் போகாது. கோமரத்தாடி ஆடிய இடத்தில் இப்போது விசுவாசி ஆடுகிறார். ஆட்டத்தின் இலக்கணம் மாறவில்லை.

இவ்வளவு பெரிய காட்சிகளுக்கெல்லாம் போகாமல், ஒரு சிறு வீட்டின் அந்தி வேளையைப் பார்த்தாலே போதும். குழந்தை பகல் முழுதும் அழுதிருக்கிறது, பால் குடிக்கவில்லை. பாட்டி அதைக் கிழக்கு நோக்கி உட்கார்த்தி, கைப்பிடி உப்பும் வற்றல்மிளகாயும் முச்சந்தி மண்ணும் சேர்த்து மூன்று முறை தலையைச் சுற்றி இறக்குகிறாள். மூன்றாம் சுற்றில் அவள் வாய் முணுமுணுப்பது, ‘பிதா, சுதன்’ என்று தொடங்கும் மந்திரம். பிறகு அதை அடுப்பில் போடுகிறாள். மிளகாய் நெடி மூக்கில் ஏறினால் கண்ணேறு இல்லை. ஏறாவிட்டால் பட்டிருக்கிறது என்று பொருள். நெடி அடங்கியதும், திருக்குடும்பப் படத்துக்கு முன் மெழுகுதிரி ஏற்றப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கையாக வைக்க ஒரு பிடி உப்பும் நல்லமிளகும் தாளில் பொதிந்து எடுத்து வைக்கப்படுகின்றன. அந்த உப்பும் இந்த உப்பும் ஒரே பானையிலிருந்து எடுத்தவை. கிர்கீஸ் வீட்டின் அர்ச்சாப் புகைக்கும், ஏழு அப்பங்களின் முன் ஓதப்படும் வசனத்துக்கும், இதற்கும் என்ன வேற்றுமை?

பாறையும் ஊற்றும் புற்றும்

இந்தக் கலப்பு கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதென்று எண்ணுவதும் பிழை. தக்கலையில் அடங்கியிருக்கும் ஞானமேதை பீர்முகமது அப்பாவின் ஆண்டுவிழாவில், அவர் பாடிய ஞானப்புகழ்ச்சியை இரவு முழுதும் கூடியிருந்து பாடுகிறார்கள். அத்வைதமோ சூஃபித்துவமோ என்று மயங்கும்படியான தமிழ் அது. அந்தித் தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி ஊதுவதற்காக, மதம் எதுவாயினும் தாய்மார் கைக்குழந்தையோடு பள்ளிவாசல் முன்பு காத்து நிற்பது நம் ஊர்களில் யாரும் வியக்காத காட்சி. தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரான், 1988-இல் வெளிவந்த ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில், தங்ஙள்மாரின் மந்திரத்தையும் ஜின்களின் அச்சத்தையும் நம்பிக் கிடந்த ஒரு முஸ்லிம் ஊரை எழுதினார். அந்நம்பிக்கையைச் சுரண்டிப் பிழைத்தவர்களை அவர் மன்னிக்கவில்லை. நம்பிய எளியவர்களை ஏளனம் செய்யவும் இல்லை.

தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக்கொல்லப்பட்டு, 2022 மே 15-இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் பிள்ளை, சிறைப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டபோது தாகத்தால் வருந்தி முழங்கையால் இடிக்க, அப்பாறையிலிருந்து நீர் சுரந்தது என்பது ஐதிகம். அந்நீரைப் பக்தியோடு அருந்துகிறவர்கள் பல சமயத்தார். கடியப்பட்டணத்துக்கு மேற்கே சில கல் தொலைவில் மண்டைக்காட்டில், பகவதி வீற்றிருப்பது கருங்கற் சிலையில் அன்று, ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த புற்றில். தலைவலி தீர அவளுக்கு மண்டையப்பம் நேர்கிறார்கள். பாறை, ஊற்று, புற்று. மலைநாட்டான் மரத்தில் முடியும் கந்தைத் துணி. வேளாங்கண்ணியிலும் நாகூரிலும் தொங்கும் தொட்டில். பூமியின் சில இடங்களில் காவல் குடிகொண்டிருக்கிறது என்னும் எண்ணம் எந்த வேதத்துக்கும் முந்தியது. எல்லா வேதங்களும் அவ்விடங்களுக்குத் தத்தம் அடியார்களின் பெயரைச் சூட்டின.

இவ்வாறு ஒருவர் காவலை மற்றவர் மதித்து வாழ்ந்த நிலம், 1982 மார்ச்சில் மண்டைக்காட்டுக் கொடையின்போது இந்து-கிறிஸ்தவக் கலவரத்தில் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் மாண்டார்கள். கடற்கரையும் உள்நாடும் ஒன்றையொன்று அஞ்சின. குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து இரு தரப்பினரிடையே அமர்ந்து சமாதானத்துக்குப் பாடுபட்டதை இவ்வட்டாரம் நன்றியோடு நினைவுகூர்கிறது. அந்தத் துயரத்திலிருந்து நான் கற்கும் பாடம் ஒன்றுண்டு. உப்பும் மிளகும் சுற்றிப் போட்ட பாட்டிமார் அக்கலவரத்தை மூட்டவில்லை. என் சமயம் கலப்பற்றது, உன் சமயம் அந்நியம் என்று எல்லைக்கோடு கிழிக்கத் தொடங்கிய காலத்தின் விளைவு அது.

தூய்மையும் மருந்தும்

இன்று அந்தக் கோடு எல்லாப் பக்கங்களிலும் ஆழமாகி வருகிறது. தர்கா வழிபாடு மார்க்கத்துக்கு விரோதமென்று முஸ்லிம்களிடையேயும், புனிதர் வணக்கமும் உப்பு மிளகும் வேதத்தில் இல்லாதவை என்று கிறிஸ்தவர்களிடையேயும் பிரசங்கங்கள் நடக்கின்றன. கிர்கீஸ் நாட்டிலும் சோவியத் ஆட்சி மறைந்து 1991-இல் சுதந்திரம் வந்தபின், மசூதிகள் பெருகின. கூடவே, மரத்தில் துணி முடிவதும் ஆவிகளுக்கு அப்பம் சுடுவதும் மார்க்கமாகா என்னும் போதனையும் பெருகிற்று. இப்போதனையாளர்களை நான் பகைவராக எண்ணவில்லை. இறைவன் ஒருவனையன்றி வேறெதற்கும் அஞ்சாதே என்று மனிதனை நிமிர்த்துவது உயர்ந்த காரியம். எண்ணற்ற அச்சங்களின் காட்டில் வாழ்ந்த எளியவனுக்கு, ஒரே கடவுள், ஒரே நியாயத்தீர்ப்பு, எல்லாரும் சமம் என்ற செய்தி விடுதலையாகவே வந்தது. சாதி இழிவிலிருந்து எழ விரும்பிய கடலோடிகளுக்குச் சிலுவை தந்த தன்மானத்தை மறந்துவிட்டுப் பழைய தெய்வங்களுக்காக ஏங்குவது நேர்மையாகாது.

மற்றோர் உண்மையையும் மறைக்கலாகாது. நம்பிக்கையின் பெயரால் நோயாளிக்குத் தீங்கு நேர்கிறது. 2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த குடிசை விடுதி தீப்பற்றி, 28 பேர் ஓடவும் முடியாமல் வெந்து மடிந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதைக்கிறது. பேய் என்பது பல வேளைகளில் தீராத துக்கத்தின் மறுபெயர். வாய்விட்டுச் சொல்ல முடியாத கொடுமைகளைப் பெண்கள் இசக்கியின் வாயால் சொல்லுகிறார்கள். அத்துக்கத்துக்குச் செவி வேண்டும். நோய்க்கு மருந்து வேண்டும். பிற்காலத்தில் அதே ஏர்வாடியில், துஆ என்னும் பிரார்த்தனையோடு மருந்தும் சேர்ந்தே கிடைக்கும்படி மருத்துவர்களையும் தர்காவையும் இணைத்து ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. இதுவே சரியான வழி. நம்பிக்கையை அவமதித்து விரட்டினால் நோயாளி மறைவான இடத்துக்குப் போவார்; நம்பிக்கையின் வாசலிலேயே மருத்துவரை அமர்த்தினால் அவர் பிழைப்பார்.

ஐத்மாத்தவின் ‘வெள்ளைக் கப்பல்’ என்னும் குறுநாவலில், தங்கள் குலத்தைக் காத்த கொம்புடைய தாய்மானின் கதையைப் பேரனுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்த ஒரு முதியவர், பிழைப்புக்காக அதிகாரத்துக்கு அஞ்சி, தம் கையாலேயே ஒரு மானைச் சுடும்படி நேர்கிறது. கதையை நம்பி வளர்ந்த சிறுவனால் அதன்பின் அந்த உலகத்தில் இருக்க முடியவில்லை. ஒரு சமூகத்தின் பழைய காவலை நகைத்தோ மிரட்டியோ பறித்துவிட்டு, அந்த இடத்தில் ஒன்றையும் வைக்காமல் போகிறவர்கள் படிக்க வேண்டிய கதை அது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, முன்னறிவிப்பு வந்து சேருமுன்பே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட குமரி மீனவர்கள் பலர் கரை திரும்பவில்லை. அந்நாட்களில் கரையோர ஆலயங்களில் இரவும் பகலும் மெழுகுதிரிகள் எரிந்தன. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. விண்கோளும் கைபேசியும் வந்துவிட்ட காலத்திலும் கடல் கடலாகவே இருக்கிறது. அந்த உண்மையை அறிந்தவர்கள், ஒரு காவலோடு நிறைவடையாமல், கிடைத்த காவலையெல்லாம் சேர்த்துக்கொண்டு செல்வதைப் பாமரத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வலுவான காற்றில் ஒரு கயிற்றை மட்டும் நம்பிப் பாய் கட்டுகிறவன் நல்ல கடலோடி அல்லன்.

கடியப்பட்டணத்தின் கரையில் நாளை விடியலிலும் அந்தக் கை கடலைத் தொடும். நெற்றிக்கு உயரும், மார்புக்கு இறங்கும், தோள்களைச் சேரும். சவேரியார் கற்பித்த வடிவம் அது. பட்டினப்பாலைப் பரதவன் தொட்ட நீர் அது. வலையை இழுக்கப்போகும் கை தன்னுடையதே ஆயினும், அதனை மீண்டும் கரை சேர்க்கும் கை வேறொருவருடையது என்று அம்மீனவர் அறிவார். தியான்ஷான் மலையடிவாரத்தில், பிரசவ வலியில் துடிக்கும் ஒரு பெண்ணின் பக்கத்தில் மண்டியிட்டு, தன் கை தன்னுடையதன்று என்று சொன்ன மருத்துவச்சிக்கும் அது தெரிந்திருந்தது.